வலியில்லாத ஊசி

அந்த இருமல் நிற்க வேண்டிய இடத்தில் நிற்கவில்லை.

வாயில் வைத்த களி உருண்டையை விழுங்காமல் நவீன்குமார் கேட்டுக்கொண்டிருந்தான். யார் இருமினாலும் நடுவே ஒரு மூச்சு உள்ளே இழுப்பார்கள். உள்ளறையிலிருந்து வந்த இது இழுக்கவே இல்லை. ஐந்து, பத்து, பதினைந்து என்று ஒரே பிடியாக வெளியே தள்ளிக்கொண்டே போனது, உடம்புக்குள் இருக்கிற காற்றையெல்லாம் யாரோ முறுக்கிப் பிழிந்து எடுப்பதைப் போல. பிறகு சத்தமே இல்லை. அதன் முடிவில், மூடிய ஜன்னலின் இடுக்கில் காற்று நுழைவது மாதிரி மெலிதாக, நீளமாக, ஒரு கூவல். போன மூச்சு திரும்பி வருகிற சத்தம்.

சாப்பிட்டுக்கொண்டிருந்த யாரும் நிமிரவில்லை. கோழிக்குழம்பு வாசனைக்கு அடியில் பினாயில் வாசனையும், பினாயிலுக்கும் அடியில் புளித்த பால் மாதிரி ஒரு வாந்தி வாடையும் இருந்ததை அவன் அப்போதுதான் கவனித்தான்.

அது அவன் மனைவி அருணாவின் அக்கா சௌமியாவின் வீடு. தேன்கனிக்கோட்டையைத் தாண்டிக் காட்டோரமாகப் போகிற ரோட்டில், பிளாஸ்டிக் கூரை போட்ட ரோஜாக் கொட்டகைகளுக்கு நடுவே கட்டிய புது வீடு. சௌமியாவின் புருஷன் கிருஷ்ணப்பன் ரோஜா வளர்த்துப் பெங்களூருக்கு ஏற்றி அனுப்புகிறவன். வீடு கட்டி இரண்டு வருஷமாகியும் சோபாவின் பிளாஸ்டிக் உறையைக் கழற்றாத ஜனங்கள். வேர்வைக் கால்களோடு அதில் உட்கார்ந்து எழுந்தால் தோல் பிரிகிற சத்தம் கேட்கும். நவீன்குமார் ஓசூர் சிப்காட்டில் ஒரு கார் உதிரிபாகக் கம்பெனியின் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்த்தான். வருகிற பொருளைக் கையில் எடுத்து, திருப்பிப் பார்த்து, பழுதானதைச் சிவப்புத் தொட்டியில் போடுவது வேலை. மனிதர்களையும் அவன் அப்படித்தான் பார்த்தான். பெரும்பாலும் எல்லோரும் சிவப்புத் தொட்டியில்தான் விழுந்தார்கள்.

"ஹர்ஷிதாவா இருமறது?" என்று கேட்டாள் அருணா. அவள் மடியில் அவர்களுடைய பதினோரு வாரப் பெண் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

"அதை ஏன் கேக்கற. கக்குவான் இருமலாம்" என்றாள் சௌமியா. "ஸ்கூல்ல இன்னும் ரெண்டு புள்ளைங்களுக்கு இருக்குது. நேத்துதான் மாத்திரை ஆரம்பிச்சோம். அஞ்சு நாளு முடியற வரைக்கும் அடுத்தவங்களுக்கு ஒட்டும், கைக்கொழந்தைங்கள கிட்டவே விடாதீங்கன்னு நர்ஸ் சாந்தம்மா சொல்லிட்டுப் போனாங்க. உனக்குப் போன் பண்ணி வராதேன்னு சொல்லலாம்னுதான் பாத்தேன். அப்புறம் நீ வருத்தப்படுவியேன்னு விட்டுட்டேன்."

"இதுக்கு என்னாத்துக்குக்கா வருத்தம்? பாப்பாவுக்குத்தான் ரெண்டு ஊசியும் போட்டாச்சே. வலியில்லாத ஊசி. காய்ச்சல்கூட வரல. ரெண்டு வாட்டியும் இவருதான் தூக்கிட்டுப் போயி போட்டுக்கிட்டு வந்தாரு."

சொல்லிவிட்டு அருணா பெருமையாக அவனைப் பார்த்தாள். நவீன்குமார் களியை விழுங்கினான்.

குழந்தைக்கு எந்த ஊசியும் போடவில்லை.

ஒன்றரை மாதத்தில் முதல் ஊசி போட வேண்டியிருந்தபோது அருணாவுக்கு ஆபரேஷன் தையல் சீழ் பிடித்திருந்தது. மாடிப்படி இறங்கக் கூடாது. அவனே குழந்தையைக் காரில் வைத்துக் கொண்டுபோனான். ஆஸ்பத்திரி வாசலில் குழந்தைகளைத் தோளில் போட்டுக்கொண்டு வரிசையாக நின்ற கூட்டத்தைக் கண்ணாடிக்குள்ளிருந்து பார்த்தான். யாரோ சொன்னால் போதும், எதற்கு என்று ஒரு கேள்வி இல்லை, ஆட்டை ஓட்டிக்கொண்டு வந்தது மாதிரி வந்து நிற்கிறதுகள். அவன் கேள்வி கேட்கிறவன். கைபேசியில் அவனைப் போலவே கேள்வி கேட்கிறவர்களின் குழு ஒன்றில் தினமும் படித்தான். பழுதில்லாத பொருளை எந்த மடையன் பிரித்து ரிப்பேர் பார்ப்பான்? அவன் இறங்கவில்லை. ஏசியைப் போட்டுக்கொண்டு முக்கால் மணி நேரம் காரிலேயே உட்கார்ந்திருந்தான். மருந்துக் கடையில் வட்டப் பிளாஸ்திரி வாங்கிக் குழந்தையின் தொடையில் ஒட்டினான். தடுப்பூசி அட்டையில் தேதியும் ஒரு கிறுக்கல் கையெழுத்தும் தானே போட்டான். ஏன் காய்ச்சல் வரவில்லை என்று அருணா கேட்டபோது, வலியில்லாத ஊசி என்று சொன்னான். நான்கு வாரம் கழித்து இரண்டாவது ஊசிக்கும் அதே கார், அதே பிளாஸ்திரி. ஊசி குத்துவதைப் பார்க்கத் தைரியமில்லை என்று அருணா சந்தோஷமாக வீட்டிலேயே இருந்துவிட்டாள்.

அவள் ஒரு முறைகூட சந்தேகப்படவில்லை. நம்புகிறவர்களைக் கண்டால் அவனுக்கு இளக்காரம்தான் வரும்.

"கிளம்பலாம் அருணா. ஷிப்ட் இருக்கு" என்றான்.

"ராத்திரிதான ஷிப்டு? இன்னும் சாப்பிட்டே முடிக்கல."

அப்போது கிருஷ்ணப்பன் வாசலில் நின்று போனில் லாரி டிரைவரோடு கன்னடத்தில் பேசிக்கொண்டிருந்தான். "ஈக பரபேடா. ஆனெ நிந்திதே" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தான்.

"சகல, இப்ப வண்டி எடுக்காதீங்க. ராகிக் காட்டுல ஏழெட்டு யானை எறங்கியிருக்குது. பாரஸ்ட் வாச்சருங்க ரோட்டை மறிச்சுட்டாங்க. சாயங்காலத்துக்குள்ள ஓட்டிருவாங்க."

தூரத்தில் பட்டாசு வெடித்தது. வெடி நின்றதும் உள்ளறைக் கதவு திறந்தது.

ஹர்ஷிதாவுக்குப் பத்து வயது. போன தீபாவளிக்குப் பார்த்த குண்டுப் பெண் இல்லை இது. கன்னம் ஒட்டி, கண்ணைச் சுற்றி வீங்கி, கையில் ஒரு துண்டோடு நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றது. அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவள் கண்களில் வெள்ளையே இல்லை. கருவிழியைச் சுற்றி முழுக்க ரத்தம்.

"இருமி இருமி நரம்பு வெடிச்சிருக்குதாம். தானா சரியாயிடும்னாங்க" என்றாள் சௌமியா.

"சித்தி, பாப்பாவ ஒரு தடவ தரீங்களா?"

"வேணாம் அருணா" என்றாள் சௌமியா.

"பாவம்கா, ரூம்லயே அடைச்சு வெச்சிருக்கீங்க. ஊசி போட்ட கொழந்தைக்கு என்ன ஆயிடப் போவுது? வா கண்ணு, வாயை மூடிக்கிட்டு உக்காரு."

இரண்டு வார்த்தை போதும். ஊசி போடவில்லை. நவீன்குமார் அந்த இரண்டு வார்த்தைகளையும் நாக்கின் மேல் வைத்துப் பார்த்தான். அவற்றைக் கேட்கப்போகிறவர்கள் யார் என்றும் பார்த்தான். பிளாஸ்டிக் உறைக்கு மேல் உட்கார்ந்து பல் குத்திக்கொண்டிருக்கிற கிருஷ்ணப்பன். பத்தாவது தாண்டாத சௌமியா. இவர்கள் முன்னால், தான். கேள்வி கேட்கிறவன்.

"கை கழுவிட்டு வரேன்" என்றான்.

குழாயடியிலிருந்து திரும்பும்போது இருமல் ஆரம்பித்துவிட்டது. குழந்தையை மடியில் வைத்திருந்த ஹர்ஷிதாவின் முகம் சிவந்து, பிறகு நாவல்பழ நிறமாகியது. நாக்கு முழுவதும் வெளியே நீண்டது. துண்டு தரையில் விழுந்துகிடந்தது. குழந்தையைக் கீழே விட்டுவிடக் கூடாது என்கிற ஒரே நினைப்பில் அவள் அதை இறுக்கி அணைத்தாள். ஒவ்வொரு இருமலுக்கும் இரண்டு பேரும் சேர்ந்தே குலுங்கினார்கள். மேற்கு ஜன்னல் வழியாகச் சாய்ந்து விழுந்த வெயிலில் அவள் வாயிலிருந்து தெறித்த துளிகள் ஒவ்வொன்றும் தெரிந்தன. தூசி மாதிரி மினுங்கி, மெதுவாக, அவசரமே இல்லாமல் இறங்கின. கண் விழித்த குழந்தை அந்த முகத்தை அண்ணாந்து பார்த்தது. வாயைத் திறந்து சிரித்தது.

அவன் பாய்ந்து குழந்தையைப் பிடுங்கினான். ஈரமாயிருந்த நெற்றியை, உதட்டை, மூக்கை, சட்டை நுனியால் தேய்த்தான். குழந்தை அழ ஆரம்பித்தது.

"மெதுவாங்க" என்றாள் அருணா. அக்கா வீட்டு ஆட்கள் முன்னால் அவனுடைய பதற்றத்துக்காக வெட்கப்பட்டவளைப் போலச் சிரித்தாள். "ஊருக்கெல்லாம் தைரியம் சொல்லுவாரு. பாப்பான்னா மட்டும் இப்படி."

ஐந்தரைக்கு ரோட்டைத் திறந்தார்கள்.

ஓசூரில் அவர்கள் வீடு பாகலூர் ரோட்டோரம், இரண்டாவது மாடி. அந்த வாரம் அவனுக்கு ராத்திரி ஷிப்ட். காலையில் வந்தால் தூங்க வேண்டும். தூங்கவில்லை. திரைச்சீலையை இழுத்துவிட்ட அறையில் படுத்து, அடுத்த அறைச் சத்தங்களைக் கேட்டுக்கொண்டிருந்தான். குக்கர் விசில், தூளி கட்டிய கொக்கியின் கிறீச், கீழ் வீட்டுக்காரன் காறித் துப்புவது, ஜோலியே இல்லாமல் எங்கேயோ ஒரு நாய். எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரு இருமல் வருகிறதா என்று காதைத் தீட்டினான். வரவில்லை. திங்கட்கிழமை வரவில்லை. செவ்வாய்க்கிழமை வரவில்லை. ஒட்டுகிற நோயாம். ஊரைப் பயமுறுத்திப் பிழைக்கிற கூட்டம். செவ்வாய்க்கிழமை மத்தியானம் கைபேசியில் தேடினான். ஏழிலிருந்து பத்து நாள் ஆகும், சில சமயம் அதற்கு மேலும் ஆகும் என்று போட்டிருந்தது. அதற்குக் கீழே இன்னொரு வரி. பச்சிளம் குழந்தைகளுக்கு இருமல் வராமலே போகலாம். மூச்சு மட்டும் நின்று நின்று வரும்.

அவன் அதை மூன்று தடவை படித்தான். தேடியதற்கான தடயத்தை அழித்தான். அடுத்த அறை அமைதியாக இருந்தது. அந்த அமைதியை அவன் முதல்முறையாகக் கேட்டான். எழுந்து போய்த் தூளியை விலக்கிப் பார்த்தான். குழந்தையின் வயிறு ஏறியது, இறங்கியது.

புதன்கிழமை காலையில் ஷிப்ட் முடிந்து வரும் வழியில், தெரிந்தவர்கள் யாரும் வராத ஒரு கிளினிக்கைத் தேடிப் போனான். குறுக்குத் தெருவுக்குள் இருந்தது. டாக்டர் இன்னும் வரவில்லை. நர்ஸ் மட்டும் இருந்தாள். சின்னப் பெண், நகப்பூச்சு பாதி உரிந்திருந்தது.

"கக்குவான் இருக்கிற வீட்டுக்குக் கைக்குழந்தையோட போயிட்டு வந்தா என்ன பண்றது?" என்று கேட்டான். "எனக்கில்ல, பிரெண்டுக்கு."

"கொழந்தைக்கு ஊசி போட்டிருக்காங்களா?"

"இல்ல."

"அப்ப ஒடனே தூக்கிட்டு வரச் சொல்லுங்க சார். இப்பவே மருந்து ஆரம்பிச்சா தடுத்துடலாம். கார்டையும் எடுத்துட்டு வரச் சொல்லுங்க. அம்மா, அப்பா ரெண்டு பேருக்கும் சேத்துத்தான் மருந்து குடுப்பாங்க."

அம்மாவுக்கும். அட்டையும். நவீன்குமார் அவளை மேலிருந்து கீழ்வரை பார்த்தான். நோட்டில் அவள் எழுதியிருந்த தமிழில் இரண்டு பிழை. மனப்பாடம் பண்ணினதை ஒப்பிக்கிறாள். இவள் சொல்லித்தான் தான் வீட்டுக்குப் போய்த் தலையைக் குனிந்துகொண்டு நிற்க வேண்டுமா?

"சொல்றேன்" என்று எழுந்து வந்துவிட்டான்.

ஏழு நாள் போயிற்று. எட்டாவது நாள் குழந்தைக்கு மூக்கு ஒழுகியது. கண்ணாடி மாதிரித் தெளிந்த நீர். "பனி" என்றாள் அருணா. வெதுவெதுப்பான துணியால் துடைத்துவிட்டாள். பாட்டை முணுமுணுத்துக்கொண்டு தூளியை ஆட்டினாள். அவளுடைய நிம்மதியைப் பார்க்கப் பார்க்க அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என்ன ஜென்மம் இது? பெற்ற குழந்தையின் தொடையில் ஊசிக் காயம் இருக்கிறதா என்று பிளாஸ்திரியைப் பிய்த்துப் பார்க்கத் தெரியாத ஜென்மம். பார்த்திருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். எல்லாம் இவளால்தான்.

ஒன்பதாவது நாள் குழந்தை பாலைப் பாதியில் விட்டது.

பத்தாவது நாள் வேலைக்குப் போகவில்லை. உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டான்.

பதினோராவது நாள், வியாழக்கிழமை, பகல் பதினொன்றரை. அருணா மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். வெளியே கம்பெனி பஸ்கள் போகிற சத்தம். அறையில் நல்ல வெளிச்சம். பால் பவுடர் வாசனை, வெயிலில் சுடுகிற போர்வை வாசனை. தூளிக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு அவன் உட்கார்ந்திருந்தான். குழந்தையின் வயிறு ஏறியது. இறங்கியது. ஏறியது. இறங்கியது.

ஏறவில்லை.

அவன் காத்திருந்தான். கண் திறந்திருந்தது. அவனையே பார்த்தது. அழவில்லை, திமிறவில்லை. முகத்தில் எதையோ யோசிப்பது போன்ற ஒரு கவனம். உதட்டின் ஓரத்திலிருந்து ஒரு சாம்பல் நிறம் கிளம்பி மூக்கைச் சுற்றிப் படர்ந்தது. சத்தமே இல்லை. அறையில் மின்விசிறி சுற்றியது. பஸ் போயிற்று. இன்னொரு பஸ் போயிற்று.

தொட்டான். உள்ளங்காலைச் சுண்டினான்.

மூச்சு வந்தது. ஒரு சின்ன விக்கல் மாதிரி. நிறம் திரும்பியது. குழந்தை கொட்டாவி விட்டது.

நவீன்குமாரின் கைகள் தூளியின் துணியை விடவில்லை. மாடிப்படியில் அருணாவின் மெட்டிச் சத்தம் இறங்கி வந்தது. அவள் வருவதற்குள் இரண்டாவது முறை நின்றது. இந்த முறை இன்னும் கொஞ்ச நேரம்.

"ஆஸ்பத்திரிக்குப் போலாம்" என்றான்.

"சளிக்கா? சாயங்காலம் போலாமேங்க."

"இப்பவே."

அவன் குரலைக் கேட்டு அவள் மறுபேச்சுப் பேசாமல் குழந்தையைத் தூக்கினாள். பையில் எல்லாவற்றையும் வைத்தாள். அட்டையையும் வைத்தாள்.

காரில் போகும்போது மூன்று முறை. பின்சீட்டில் அருணா கவனிக்கவில்லை. குழந்தையின் முகம் அவள் மார்போடு இருந்தது. கண்ணாடியில் ஒரு சின்னக் கை மட்டும் தெரிந்தது. விரல்கள் விறைக்கும். விரியும். தளரும். சிக்னலில் நின்றபோது பக்கத்து ஆட்டோக்காரன் காறினான். நவீன்குமாருக்கு அவனை இறங்கி அடிக்க வேண்டும் போலிருந்தது.

குழந்தைகள் ஆஸ்பத்திரி. வேறு ஆள் இல்லை. முன்மேசையில் நர்ஸ் ஒருத்தி. பெயர் பூங்கொடி என்று சட்டையில் குத்தியிருந்தது. வயது ஐம்பது இருக்கும். படிவத்தை இழுத்து வைத்துக்கொண்டாள்.

"டாக்டர் உள்ளதான் இருக்காரு, ஒடனே பாப்பாரு. என்னம்மா கொழந்தைக்கு?"

"சளிங்க. பால் குடிக்க மாட்டேங்குது. எங்க அக்கா பொண்ணுக்குக் கக்குவான், அங்க போயிட்டு வந்தோம். அதான் இவரு பயந்துட்டாரு."

நர்ஸின் பேனா நின்றது. நிமிர்ந்தாள்.

"எத்தன நாளாச்சு போயி?"

"பதினோரு நாளு."

"ஊசியெல்லாம் சரியாப் போட்டிருக்கீங்களா? இது ரொம்ப முக்கியம்மா. சரியா சொல்லுங்க. டாக்டர் மொதல்ல இதைத்தான் கேப்பாரு."

"ரெண்டும் போட்டாச்சுங்க." அருணா அட்டையை எடுத்து நீட்டினாள்.

நர்ஸ் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அட்டையைப் பார்த்தாள். புரட்டினாள். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள்.

"இதுல ஆஸ்பத்திரி சீல் இல்லையே. மருந்து நம்பரும் இல்ல. யாரு கூட்டிட்டுப் போனது?"

"இவருதான்." அருணா குழந்தையை மடியில் மல்லாக்கப் படுக்கவைத்துக்கொண்டு அவன் பக்கம் திரும்பினாள். அவள் முகத்தில் துளி கலக்கமில்லை. "சொல்லுங்க. எங்க போட்டது?"

நர்ஸ் குனிந்து பேனாவைப் படிவத்தின் கட்டத்தில் வைத்துக் காத்திருந்தாள். அருணா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தது அவன் மட்டும்தான்.

வயிறு இறங்கியது.

ஏறவில்லை.

"சார்?" என்றாள் நர்ஸ், நிமிராமல். "போட்டீங்களா, இல்லையா?"

உதட்டோரம் சாம்பல். பிறகு நீலம். கண்கள் திறந்து, அவன் மேல். வாய் வட்டமாகத் திறந்தது. உள்ளே இருட்டு. அதிலிருந்து எதுவும் வரவில்லை. எதுவும் உள்ளே போகவில்லை. கால் விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்து, அப்படியே நின்றன. அருணாவின் கை பழக்கத்தில் அந்த வயிற்றை மெதுவாகத் தட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தது.

சீல் தேடுகிற இந்த நர்ஸ் முன்னால். இவள் முன்னால்.

"ஏங்க, சொல்லுங்க" என்றாள் அருணா சிரித்துக்கொண்டே.

இப்போது வந்துவிடும். போன தடவையும் வந்தது. அதற்கு முந்தின தடவையும் வந்தது.

"போட்டாச்சு" என்றான் நவீன்குமார்.

பேனா எழுத ஆரம்பித்தது. அருணா தட்டிக்கொண்டே இருந்தாள்.